ஃபால்அவுட்டைக் கேப்பர் மலையில் இறக்குவது: கணினி கேமை மேசை ஆட்டமாக்கும் வழி

கணினியில் முடித்த ஓர் ஆர்பிஜியை (பாத்திரமேற்று ஆடும் கேமை) நண்பர்களோடு மேசையில் ஆடலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். விக்கியைத் திறந்து ஆயுதங்களையும் அரக்கர்களையும் எக்செலில் ஏற்றத் தொடங்குவார்கள். இருநூறு வரிசை ஏறியதும் அலுப்புத் தட்டும். கேம்பெய்ன், அதாவது வாரக்கணக்கில் தொடரும் கதையாட்டம், அங்கேயே படுத்துவிடும்.

அலுப்பு மட்டுமல்ல, அந்த உழைப்பே பயன்படாது. கணினி நமக்கு இரண்டு வேலைகளைக் கூலி கேட்காமல் செய்கிறது. ஒன்று கணக்கு. ஒரு குண்டு பாய்வதற்குப் பின்னால் பத்துப் பெருக்கல் கழித்தல் இருந்தாலும் நமக்குத் தெரியாது. இன்னொன்று மன்னிப்பு. தோற்றால் முன்பு சேமித்த இடத்தைத் திறந்து மறுபடி ஆடலாம். மேசையில் கணக்கை ஒருவர் போட வேண்டும், மற்றவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டும். நடந்ததைத் திருப்பவும் முடியாது. இந்த இரண்டையும் நம்பிக் கட்டிய எதுவும் மேசையில் நிற்காது. நிற்பவை மூன்று: எது தீர்ந்துகொண்டிருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும், யாரும் தலையிடாவிட்டால் என்ன நடக்கும். இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் புதிதாகக் கட்டுங்கள்.

இங்கே எடுத்துக்காட்டு, அணுப்போரில் அழிந்த உலகில் நடக்கும், 1997-இல் வந்த முதல் ஃபால்அவுட். அதைக் கடலூர்–புதுச்சேரிக் கரையில் இறக்கப் போகிறோம். அது சின்ன கேம், ஊர்கள் ஒரு டஜன்தான் இருக்கும். திறமைகள் எல்லாம் சதவீதத்தில் இருப்பதால் பகடைக்கு மாற்றுவது எளிது. கதைக்கு ஒரு கெடுவும் உண்டு. அதோடு, அதை முதலில் கர்ப்ஸ் என்ற மேசை விதிமுறையின் மேல் கட்டத்தான் திட்டமிட்டார்கள். அந்த ஏற்பாடு முறிந்த பிறகே ஸ்பெஷல் என்ற சொந்த முறையை உருவாக்கினார்கள். மேசையிலிருந்து போன சரக்கு மேசைக்குத் திரும்புகிறது. கதையின் முடிச்சுகள் எல்லாம் கீழே அவிழும். இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வரலாம்.

ஒரு தடவை நோட்டோடு ஆடுங்கள்

கேமை மறுபடி ஒரு தடவை ஆடுங்கள், பக்கத்தில் நோட்டு இருக்கட்டும். குவெஸ்ட் எனும் பணிகளின் பட்டியல் எழுத வேண்டாம், அது இணையத்தில் கிடைக்கும். ஒவ்வோர் ஊருக்கும் ஐந்து வரி போதும்: அங்கே எது பற்றாக்குறை, அது யார் கையில் இருக்கிறது, யாருக்கு வேண்டும், நாயகன் வரவே இல்லை என்றால் ஒரு மாதத்தில் என்ன ஆகும், ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது என்ன. நான்காவது வரிதான் கடினம். கணினி கேமில் பெரும்பாலான ஊர்கள் நாயகன் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த வரியை நீங்களே யோசித்து எழுதியாக வேண்டும். மேசையில் ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களுக்குக் கைகொடுப்பது அந்த வரிதான்.

ஃபால்அவுட்டின் முதுகெலும்பு இது. வால்ட் 13 என்ற நிலத்தடிக் குடியிருப்பில் தண்ணீர் சுத்திகரிப்பை இயக்கும் சிப் பழுதாகிறது. புதியதைக் கொண்டுவர 150 நாள் கெடு. ஹப் என்ற வணிக நகரத்தின் தண்ணீர் வியாபாரிகளுக்குப் பணம் கொடுத்து வண்டி அனுப்பினால் கெடு 100 நாள் நீளும். ஆனால் வண்டித்தடம் எதிரிக்கு வழிகாட்டும், வால்ட்டை அவர்கள் கண்டுபிடிக்கும் நாள் முன்னுக்கு வரும். சிப் இருப்பது நெக்ரோபோலிஸில். அங்கே வசிப்பவர்களின் தண்ணீரும் அதை நம்பித்தான் இருக்கிறது. பம்பைப் பழுதுபார்க்காமல் சிப்பை எடுத்துவந்தால் அந்த ஊர் அழியும்.

இந்த நான்கைந்து வாக்கியங்கள்தான் கேம்பெய்ன். பாலைவனம், தேள், நீல நிற உடுப்பு எல்லாம் அதன் மேல் போர்த்தியவை. அவற்றைக் கழற்றலாம்.

நம் கரையில் எதை எங்கே வைப்பது

ஊரை மாற்றுவது அலங்காரத்துக்காக அல்ல. கலிஃபோர்னியாவில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர் எவ்வளவு தூரம் என்று உங்கள் மேசையில் யாருக்கும் தெரியாது, ஜிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) சொல்வதைத்தான் நம்ப வேண்டும். கடலூரில் மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகருக்கு நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும், கெடில ஆற்றைத் தாண்ட வேண்டுமா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரியும். ஜிஎம்மின் பாதி வர்ணனை மிச்சமாகிறது. ஆட்டக்காரர்களும் தாங்களாகவே திட்டம் போடத் தொடங்குவார்கள்.

கரையோரம் நிலத்தடி நீர் உப்பாவது நமக்குப் புதிய செய்தி அல்ல. அதையே முற்ற விடுங்கள். நிலத்தடிக் குடியிருப்பைத் தாழ்வான கரையில் வைத்தால் ஊற்று ஏறி மூழ்கிவிடும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். எனவே கடலூருக்குப் பக்கத்தில் செம்மண் மேடான கேப்பர் மலைக்குள் வையுங்கள். உடைந்த பொருள், ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரை இயக்கும் மின் அட்டை.

அதற்கு மாற்று இருப்பது நெய்வேலியில். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். உலகம் அழிந்த பிறகும் நாலைந்து பம்பை ஓட்டிக்கொண்டு சுரங்கப் படிகளில் ஒரு கூட்டம் வாழ்கிறது என்று வைத்துக்கொண்டால், அட்டையைக் கழற்றிய நாளிலிருந்து அவர்கள் வீடு மூழ்கத் தொடங்கும். மூல கேமில் இருந்த அதே தர்மசங்கடம் இங்கே நில அமைப்பிலேயே இருக்கிறது. பத்து நாளில் மூழ்கும் என்று வையுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் மூலத்தை விட்டு விலகுங்கள். கணினியில் இப்படிப்பட்ட விளைவு முடிவுக் காட்சியில்தான் முகத்தில் அறையும், சிலர் அப்போதுதான் செய்த தவறை உணர்வார்கள். மேசையில் அது ஜிஎம் ஏமாற்றியதாகத் தோன்றும். அட்டையில் கைவைப்பதற்கு முன்பே, பம்பு ஓட்டும் அம்மா ஒருத்தி சுவரில் கீறிய நீர்மட்டக் கோடுகளைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும்.

கடலூரிலிருந்து நெய்வேலிக்குப் போகும் வழியில் வடலூர். அங்கே தருமசாலையில் 1867-இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. உங்கள் கதையிலும் எரியட்டும். மேசையில் எந்தச் சண்டைக்காரரும் ஆயுதத்தை இறக்கிவைக்கும் ஓர் இடம் அவசியம் வேண்டும், எதிரிகளோடு பேச முடிவது அங்கேதான். பசித்தவருக்குச் சோறு உண்டு, விறகு கொண்டுவருகிறவருக்கு மரியாதை உண்டு என்பதைத் தவிர அங்கே விதி வேண்டாம்.

ஹப்புக்குப் புதுச்சேரி. பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், கடல் பக்கம் இன்னொன்று. 1836-இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கத்தில் யார் விளக்கேற்றுகிறார்களோ அவர்கள்தான் கடல்வழியை ஆள்கிறார்கள். ஊசுட்டேரித் தண்ணீரை மாட்டுவண்டியில் ஏற்றி விற்கும் வியாபாரிகள் இங்கே. அரிக்கமேட்டில் மண்ணைக் கிளறிப் பிழைப்பவர்கள் கையில் ரோமானிய மதுச்சாடி ஓடும் இருக்கும், செல்பேசியின் சர்க்கியூட் பலகையும் இருக்கும். விலை பலகைக்குத்தான். மூல கேமின் இரண்டாம் பாதியில் எதிரியாக வரும் மதக்கூட்டத்துக்குப் பிச்சாவரம் பொருந்தும். அலையாத்திக் காட்டின் வாய்க்கால்களில் படகோட்டி இல்லாமல் நுழைந்தவர் திரும்புவது கடினம் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஜங்டவுன் என்ற ஊரைக் கடலூர் முதுநகர்த் துறைமுகம் ஆக்கலாம். மூலத்தில் கடைக்காரரும் ஊர்க்காவலருமான கில்லியனுக்கும் சூதாட்டக் கூடம் நடத்தும் கிஸ்மோவுக்கும் பகை. இங்கே மீன் ஏலம் விடும் அக்காவுக்கும் தேவனாம்பட்டினத்துக் கோட்டை மேட்டில் ஒற்றைப் பீரங்கி வைத்திருப்பவனுக்கும் பகை. அவன் எல்லை எதுவரை? குண்டு விழும் இடம்வரை. 1690-இல் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையை வாங்கியபோது உண்மையிலேயே அப்படித்தான் எல்லை குறித்தார்கள். பீரங்கிக் குண்டு எட்டிய ஊர்கள் அவர்களுடையவை. குண்டு உப்பலவாடி என்ற பெயரில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்படி உள்ளூரில் ஏற்கெனவே நடந்ததை எடுத்தால் புதிதாக ஒன்றை ஜோடிப்பதைவிட வலுவாக நிற்கும்.

கெடுவைச் சுவரில் தொங்கவிடுங்கள்

150 நாள் இங்கே ஒத்துவராது. நம் வரைபடம் சின்னது. புதுச்சேரி–கடலூர் 22 கிமீ வாக்கில், ஒரு நாள் நடை. கேப்பர் மலையிலிருந்து நெய்வேலி 40 கிமீக்குள், இரண்டு நாள். கடலூர்–சிதம்பரம் 45 கிமீ சுமார், அதுவும் இரண்டு நாள். 150 நாள் கொடுத்தால் கெடு என்ற உணர்வே வராது. 45 நாள் கொடுங்கள், சித்திரை 1-இல் தொடங்குங்கள். கத்திரி சித்திரை 21 வாக்கில் பிறந்து வைகாசி 14 வாக்கில் முடியும். 45-ஆம் நாளும் அதே வைகாசி 14தான். கடைசி இருபத்தைந்து நாள் கத்திரிக்குள் விழுகிறது, கெடு இறுகும்போது வெயிலும் ஏறுகிறது. ஐப்பசியில் தொடங்கிவிடாதீர்கள். மழை வந்தால் தண்ணீர்ப் பஞ்சம் என்ற கதையே நனைந்துபோகும்.

போன வருஷத்துத் தினசரி காலண்டர் ஒன்றைத் தேடி எடுத்துச் சித்திரை 1 வரை கிழித்துவிட்டுச் சுவரில் மாட்டுங்கள். கதையில் ஒரு நாள் போனால் ஓர் ஆட்டக்காரர் எழுந்து ஒரு தாளைக் கிழிக்க வேண்டும். திரையின் மூலையில் தெரியும் எந்த எண்ணும் இந்தச் சத்தத்துக்கு ஈடாகாது. தாளில் இருப்பதையும் பயன்படுத்துங்கள். சூலம் போட்டிருக்கும்: திங்கள், சனி கிழக்கு, செவ்வாய், புதன் வடக்கு, வியாழன் தெற்கு, வெள்ளி, ஞாயிறு மேற்கு. உங்கள் வண்டிக்காரர் சூலம் பார்க்கிறவர் என்றால் வியாழக்கிழமை தெற்கே வண்டி கட்ட மாட்டார். ஒரு பகடையும் உருட்டாமல் ஒரு சிக்கல் கிடைத்தது.

தண்ணீர் வியாபாரிகளின் பேரத்தையும் சுருக்குங்கள். மூலத்தின் 100 நாளுக்குப் பதில் 15 நாள். பதினைந்து தாளைப் பசைபோட்டுத் திரும்ப ஒட்ட வேண்டாம். கிழித்த தாள்களைக் கிளிப்பில் வைத்திருந்தால் அப்படியே மாட்டிவிடலாம். அதே நேரத்தில் எதிரிக்கு ஒரு வட்டம் வரைந்து ஆறு துண்டாகப் பிரியுங்கள். வண்டி மலைக்கு வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு கறுப்பாகும். ஆறும் கறுத்தால் பிச்சாவரத்துக் கூட்டம் மலைக்கு வந்துவிட்டது. வட்டத்தை மறைக்காமல் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். பார்க்க முடியாத ஆபத்துக்கு யாரும் பயப்பட மாட்டார்கள்.

சுமைக்கு எடைக்கணக்கு வேண்டாம். கிலோவைக் கூட்டுவது கணினியின் வேலை. ஆளுக்கு 8 இடம். துப்பாக்கி, கருவிப்பை, கயிறு தலா ஓர் இடம், 3 லிட்டர் தண்ணீர் ஓர் இடம். இரவில் நடந்தால் ஒரு நாளைக்கு 3 லிட்டர், கத்திரிப் பகலில் நடந்தால் 6. நெய்வேலிக்குப் போக இரண்டு, அங்கே ஒன்று, திரும்ப இரண்டு என ஐந்து நாள். இரவுநடை என்றால் 5 இடம் தண்ணீருக்கு, மூன்று இடம் பொருளுக்கு. பகல்நடை என்றால் நான்கு நாள் நடைக்கு 8, தங்கும் நாளுக்கு 1, ஆக 9 இடம் வேண்டும். வெறுங்கையோடு போனாலும் பத்தாது. வழியில் எங்கே தண்ணீர் வாங்குவது, யாரிடம் கடன்படுவது என்று அவர்களே பேசத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சுதான் பாதி ஆட்டம்.

எண்கள்

ஃபால்அவுட்டில் 18 திறமைகள். ஒருவரே ஆடும்போது அது வசதி. நான்கு பேர் மேசையில் பாதிக்குமேல் யாரும் தொடாமல் கிடக்கும். ஒன்பதாகச் சுருக்குங்கள். மூன்று துப்பாக்கித் திறமைகளும் ஒன்று. கைச்சண்டை, கத்தி, எறிதல் ஒன்று. முதலுதவியும் வைத்தியமும் ஒன்று. பதுங்கலும் திருட்டும் ஒன்று. பூட்டும் பொறியும் ஒன்று. அறிவியலும் பழுதுபார்ப்பும் ஒன்று. பேரமும் சூதும் ஒன்று. பேச்சும் வெளியில் பிழைக்கும் அறிவும் தனித்தனியாக நிற்கட்டும்.

சதவீதத்துக்குப் பத்துமுகப் பகடை இரண்டு போதும். ஒன்று பத்து, இன்னொன்று ஒன்று. திறமை எண்ணுக்குச் சமமாகவோ கீழாகவோ விழுந்தால் வெற்றி. கடினமான வேலைக்கு 20 கழியுங்கள், எளிதானதற்கு 20 கூட்டுங்கள். 5, 10 என்று நுணுக்கிக் கூட்டக் கழிக்க ஆரம்பித்தால் ஆட்டம் கூட்டல் வகுப்பாகிவிடும்.

வேறு கேமை எடுக்கிறவர்களுக்கு: சதவீதத்தை 20 முகப் பகடைக்கு மாற்ற, சதவீதத்தை 5-ஆல் வகுத்து 21-லிருந்து கழியுங்கள். 65 சதவீதம் என்றால் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டும் டிஸ்கோ எலிசியம் போன்ற கேம் என்றால் கவனமாக இருங்கள், அங்கே ஒவ்வொரு படியும் ஒரே உயரம் அல்ல. 7-க்கு மேல் விழ வாய்ப்பு 58 சதவீதம், 8-க்கு 42, 9-க்கு 28, 10-க்கு 17. (எல்லாம் அந்த எண்ணையும் சேர்த்து.) நடுவில் ஒரு புள்ளி கூட்டினால் வாய்ப்பு 17 சதவீதம்வரை ஏறும், ஓரத்தில் கூட்டினால் 3 கூட ஏறாது. டிவினிட்டி: ஒரிஜினல் சின் போன்ற கேமில் ஒரு வித்தை மூன்று சுற்றுக்கு ஒரு முறைதான் திரும்பக் கிடைக்கும் என்று இருந்தால், மேசைச் சண்டையே மூன்று நான்கு சுற்றுதான் என்பதால் ‘சண்டைக்கு ஒரு முறை’ என்று எழுதிவிடுங்கள். சுற்று எண்ணும் வேலை ஒழியும்.

சண்டையின் நீளத்தை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். சராசரிப் பாத்திரம் ஒன்றுக்கு ஃபால்அவுட்டில் ஹெச்பி, அதாவது உயிர்ப்புள்ளி, 30: பதினைந்தோடு பலத்தையும், தாங்குதிறனின் இரு மடங்கையும் கூட்டுவது வழக்கம், இரண்டும் 5 என்று வைத்தால் 30 வரும். 10 எம்எம் கைத்துப்பாக்கி 5 முதல் 12 வரை அடிக்கும், சராசரி 8.5. எதிரியின் கவசம் 2 தாங்கும் என்றால் 6.5. பத்தில் ஆறு குண்டு படும் என்றால் ஓர் ஆளுக்குச் சுற்றுக்கு 3.9, நான்கு பேருக்கு 15.6. மூன்று சுற்றில் முடிய வேண்டும் என்றால் எதிரிகள் எல்லோருடைய ஹெச்பியும் சேர்த்து 47 வாக்கில் இருக்கலாம். ஆளுக்கு 15 வீதம் மூவர், அல்லது 47 உள்ள ஒருவன். மூலத்தில் அந்த அரக்கனுக்கு எவ்வளவு இருந்தது என்பதை மறந்துவிடுங்கள். நால்வரும் ஜிஎம்மும் ஆட ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் ஆகும். மூன்று சுற்றைத் தாண்டிய சண்டையில் முறை வராதவர்கள் போனைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

கவசத்தில் மூல கேம் இரண்டு கணக்கு வைத்திருக்கிறது: ஒரு நிலையான கழிவு, அதன் மேல் ஒரு சதவீதக் கழிவு. நிலையானதை மட்டும் வைத்துக்கொண்டு சதவீதத்தைத் தூக்கி எறியுங்கள். ஆக்‌ஷன் பாயின்ட்டும் (செயல்களுக்குச் செலவழிக்கும் புள்ளி) வேண்டாம், ஒரு முறைக்கு ஒரு நகர்வு, ஒரு செயல். ஆனால் உடலில் இடம் பார்த்துச் சுடுவதை எடுத்துவிடாதீர்கள், அந்த கேமின் ருசியே அதில்தான். கைகாலுக்கு 20 கழிவு, தலைக்கு 40. பட்டால் கூடுதல் சேதம் வேண்டாம். துப்பாக்கி கீழே விழும், ஓட முடியாது, பார்வை மங்கும் என்று விளைவைச் சொல்லுங்கள்.

இனி ரீலோட், அதாவது சேமித்த இடத்துக்குத் திரும்பி மறுபடி முயல்வது. கணினியில் 30 சதவீத வாய்ப்புள்ள பூட்டை மூன்று தடவை முயன்றால் ஒரு முறையாவது திறக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 66. பொறுமையுள்ளவருக்கு அது 100தான். கேமை வடிவமைத்தவர்களுக்கும் அது தெரியும். அந்த 30-ஐ அப்படியே மேசைக்குக் கொண்டுவந்தால் பத்தில் ஏழு தடவை கதவு திறக்காது, கதை கதவுக்கு வெளியே நிற்கும். முக்கியமான உருட்டல்களை 60, 70-க்கு உயர்த்துங்கள். தோல்வி என்றால் ‘நடக்கவில்லை’ என்று அல்ல, ‘நடந்தது, ஆனால்’ என்று படியுங்கள்: பூட்டு திறந்தது, சத்தம் கேட்டுவிட்டது. ஒரே வேலையை மறுபடி மறுபடி உருட்டலாமா என்ற சண்டைக்கு டிஸ்கோ எலிசியத்தின் வழி நல்லது. அதில் வெள்ளைச் சோதனை தோற்றாலும் திறமை கூடிய பிறகு மறுபடி முயலலாம், சிவப்பு ஒரே தடவை. உருட்டுவதற்கு முன்பே எந்த நிறம் என்று சொல்லிவிடுங்கள்.

தயாரான விதிகள் வேண்டும் என்பவர்களுக்கு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம். பால்டர்ஸ் கேட் 3 போன்ற கேமை மாற்றுகிறவர்களுக்கு அது அப்படியே பொருந்தும். ஃபால்அவுட்டுக்கே அதிகாரபூர்வ மேசை விதிகள் 2021-இல் வந்தன, பொருள் பட்டியல் பிடிப்பவர்களுக்கு அது. வீட்டில் ஆடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். எழுதியதை விற்பதாக இருந்தால் கேமின் பெயர், பாத்திரங்களின் பெயர் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

பேச்சு

உரையாடல் மரத்தைத் தட்டச்சு செய்யாதீர்கள். நான்கு பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது திரைக்கு. மேசையில் ஆட்டக்காரர் ஐந்தாவதைத்தான் சொல்வார். ஆளுக்கு ஒரு அட்டை, அதில் நான்கு வரி: என்ன வேண்டும், என்ன தெரியும், எதை மறைக்கிறார், எப்படிப் பேசுவார். ஏலம் விடும் அக்காவின் அட்டை இப்படி இருக்கலாம். பீரங்கிக்காரனின் வெடிமருந்துக் கிடங்கு எங்கே என்று தெரிய வேண்டும். வண்டிக்காரர்கள் யாரிடம் கூலி வாங்குகிறார்கள் என்று தெரியும். தம்பி பிச்சாவரத்துக் கூட்டத்தோடு போய்விட்டதை மறைக்கிறார். எல்லாவற்றையும் காற்றை வைத்துப் பேசுவார்: வாடை திரும்பட்டும், கச்சான் ஓயட்டும் பார்க்கலாம் என்று. வருகிறவர்களைத் ‘தம்பி’ என்பார், கோபம் வந்தால் ‘ஐயா’ என்பார். புதுச்சேரியில் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இருந்தால், எந்தக் காலத்திலோ நின்றுபோன பென்ஷன் அடுத்த மாதம் வரும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். குரலை மாற்றி நடிக்கத் தெரியாத ஜிஎம்முக்கும் இவ்வளவு போதும்.

முக்கியமான முடிவு ஒவ்வொன்றுக்கும் மூன்று தடயம் வையுங்கள். அட்டை நெய்வேலியில் இருப்பது அரிக்கமேட்டுக்காரரிடமும் தெரிய வேண்டும், வடலூரில் சாப்பிட வரும் சுரங்கத்துப் பெண்ணிடமும், பழைய மின்கம்பியின் வழியிலும் தெரிய வேண்டும். ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்.

துணைப் பாத்திரங்களைக் குறையுங்கள். கணினியில் ஒருவரே ஆறு பேரை ஓட்டலாம். மேசையில் நால்வரோடு ஜிஎம் ஓட்டும் ஐந்தாமவர் வந்தால் ஜிஎம் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் காட்சி அரங்கேறும். உங்களுக்குப் பிடித்த துணைப் பாத்திரத்தை ஓர் ஆட்டக்காரரிடமே கொடுத்துவிடுங்கள், அல்லது மலையிலேயே இருக்கச் சொல்லுங்கள்.

மூல கேமை ஏற்கெனவே முடித்த ஒருவர் உங்கள் குழுவில் இருப்பார். அவரை ஒதுக்க வேண்டாம், சத்தியமும் வாங்க வேண்டாம். எது, எங்கே, யார் என்ற மூன்றில் இரண்டை மாற்றுங்கள். சிப் எங்கே என்று அவருக்குத் தெரியும், ஆனால் இங்கே அவர் தேடும் ஊரில் இருப்பது வேறு. பம்பு இயந்திரங்களோடு பிறந்து வளர்ந்த பாத்திரத்தை அவருக்குக் கொடுத்தால், அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாத்திரத்துக்கும் தெரிந்திருப்பது இயல்பாகிவிடும்.

சாமான்

பலமுகப் பகடை கிடைக்காவிட்டால் தம்போலா செட் ஒன்று போதும். 1 முதல் 20 வரையுள்ள காய்களை ஒரு சுருக்குப்பையில் போட்டால் 20 முகப் பகடை. 1 முதல் 10 வரையுள்ளவற்றை வைத்துச் சதவீதம் எடுக்கலாம்: பத்தைச் சுழியமாகக் கொண்டு இரண்டு தடவை எடுங்கள், முதலாவது பத்து, இரண்டாவது ஒன்று. இரண்டும் சுழியம் என்றால் நூறு. எடுத்த காயை ஒவ்வொரு தடவையும் திரும்பப் பையில் போட வேண்டும். மறந்தால் வாய்ப்புக் கணக்கு மாறிவிடும், கூர்மையான ஆள் மிச்சக் காய்களை எண்ணி உருட்டுவார். நாலுமுகப் பகடைக்கு வீட்டுத் தாயக்கட்டை ஒன்று, வெற்று முகத்தை 4 என்று கொள்ளுங்கள்.

வரைபடத்துக்கு ஏ3 தாளில் ஓர் அங்குலக் கட்டம் அச்சிட்டு லேமினேட் செய்யுங்கள், 11-க்கு 16 கட்டம் கிடைக்கும். ஓர் அறைச் சண்டைக்கு அது தாராளம். வெள்ளைப் பலகை மார்க்கரால் வரைந்து அன்று இரவே துடைத்துவிடுங்கள். நாள்பட விட்டால் கறை பிடிக்கும், கை சுத்தம் செய்யும் சானிடைசர் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் போகும். ஆட்களுக்குப் பாட்டில் மூடி, எதிரிகளுக்குப் புளியங்கொட்டை. மூல கேமில் நாணயமே பாட்டில் மூடிதான் என்பதால், பணத்துக்கும் ஆளுக்கும் வேறு வேறு நிற மூடி வையுங்கள். கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து ஆடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அட்டையும் தாளும் இருக்கும்வரை நடக்காது, காற்று விடாது. மொட்டைமாடியிலும் அதே கதை. வீட்டுக்குள் ஆடுங்கள், மேசை மின்விசிறிக்கு நேர் கீழே வராமல் பாருங்கள்.

செஷன் கணக்கு

மூன்றரை மணி நேரம் வீதம் பன்னிரண்டு செஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் செஷன் முடிவதற்குள் குழு மலையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். குடியிருப்புக்குள் நடக்கும் கூட்டத்திலேயே முதல் இரவு கழிந்தால் இரண்டாவது வாரம் இருவர் வர மாட்டார்கள். முதுநகருக்கு இரண்டு, புதுச்சேரிக்கு மூன்று, வடலூர்–நெய்வேலிக்கு மூன்று, பிச்சாவரத்துக்கு இரண்டு, கடைசி ஒன்று மலைக்குத் திரும்ப. ஒரு செஷனுக்குச் சண்டை இரண்டுக்கு மேல் வேண்டாம். அனுபவப் புள்ளிகளை எண்ணாதீர்கள். ஓர் ஊரின் வழக்கு தீர்ந்தால், யாருக்குச் சாதகமாகத் தீர்ந்தாலும், எல்லோருக்கும் ஒரு லெவல். ஒருவர் வராத வாரம் அவர் பாத்திரம் வடலூரில் விறகு சுமக்கட்டும்.

ஃபால்அவுட்டின் முடிவு பெயர்பெற்றது. குடியிருப்பைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பும் நாயகனை அதன் தலைவர் உள்ளே விடாமல் அனுப்பிவிடுவார். ஒரே ஆள் தனியாக ஆடும்போது அது நெஞ்சில் தைக்கும். மூன்று மாதம் வாராவாரம் வந்த நான்கு பேரிடம் ஜிஎம் அதைப் படித்துக் காட்டினால் கோபம்தான் வரும். அதை ஓட்டெடுப்பாக மாற்றுங்கள். மலையில் இதுவரை பெயரோடு வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டு. நெய்வேலி மூழ்கியதா, தண்ணீர் வண்டி எத்தனை தடவை வந்தது, வெளியாட்களை உள்ளே அழைத்து வந்தார்களா என்பதைப் பார்த்து ஒவ்வொருவராகக் கை தூக்கட்டும், ஏன் என்று ஒரு வாக்கியம் சொல்லட்டும். முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது அவர்கள் செய்ததன் விளைவு என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

மூலத்தில் இறுதியாக ஒவ்வோர் ஊரும் பிறகு என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு படமாக வரும். அதை ஜிஎம் சொல்ல வேண்டாம். ஊரின் பெயர் எழுதிய சீட்டுகளை ஆட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஆளுக்கு ஓர் ஊர், இரண்டு வாக்கியம். நோட்டில் அந்த ஊருக்கு நீங்கள் எழுதிய நான்காவது வரியை அவர் பேசி முடித்த பிறகு வாசியுங்கள், அவர்கள் வராமல் போயிருந்தால் அங்கே நடந்திருக்கக்கூடியது அதுதான்.